நான் ஒழுங்காக ஓட்டினாலும் அடுத்தவர் தப்பு செய்தால் என்ன செய்வது?

உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னைக்குள் தினமும் கார் ஓட்டுகிறார். இந்தத் தீபாவளிக்கு அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகளோடு முதல்முறையாகக் காரிலேயே திருநெல்வேலி போகப் போகிறார். "நான் விதிப்படிதான் ஓட்டுவேன். ஆனால் அடுத்தவன் தப்பு செய்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்பது அவர் கவலை.

நிறையச் செய்ய முடியும். பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓட்டுநர் பயிற்சி கொடுத்திருக்கிறேன். கியர், கிளட்ச், ரிவர்ஸ் எல்லாம் யாருக்கும் ஒரு மாதத்தில் வந்துவிடும். மற்றவர் தவறு செய்வார் என்று எதிர்பார்த்து அதற்கு இடம் விட்டு ஓட்டும் பழக்கம்தான் லேசில் வராது. சாலையில் எல்லோரும் தவறு செய்கிறோம், நானும் செய்கிறேன். ஒருவர் தவறு செய்த நொடியில் நம் கையில் இரண்டு மூன்று விநாடி மிச்சம் இருந்தால் அது ஒரு திட்டோடு போய்விடும். இல்லையென்றால் விபத்து. அந்த விநாடிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஓட்ட முடியும், அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த வருடம் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். எந்த வகை மோதல் என்று நாடு தழுவிய கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பின்னாலிருந்து போய் இடிப்பதுதான் முதலில் நிற்கிறது, ஐந்தில் ஒன்றுக்கு மேல். நேருக்கு நேர் மோதல் அதற்கு அப்புறம்தான். எதிரே வருகிறவரைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் போய் இடிப்பது முன்னால் போகும் வண்டியில்.

அதனால் முதல் பழக்கம் இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லையோ பாலத்தின் தொடக்கத்தையோ கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று. மூன்றையும் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் அந்த இடத்துக்கு வர வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். மழையில் ஐந்து வரை எண்ணுங்கள். மீட்டர் கணக்கு வைத்துக்கொள்வதைவிட இது நல்லது, ஏனென்றால் வேகம் கூடக் கூட தூரமும் தானாகக் கூடிவிடும்.

"அவ்வளவு இடம் விட்டால் நாலு பேர் நடுவில் புகுந்துவிடுவார்களே" என்று எல்லோரும் கேட்பார்கள். புகட்டும். ஒருவர் புகுந்தால் நீங்கள் மறுபடி பின்வாங்க இழப்பது மூன்று விநாடி. நூறு பேர் புகுந்தாலும் ஐந்து நிமிடம்தான். திருநெல்வேலி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அதில் ஐந்து நிமிடம் ஒரு டீ நேரம்கூட ஆகாது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பயிற்சிக்கு வந்த எல்லோரையும் இதைத் தாளில் எழுத வைத்திருக்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 35 மீட்டர். ஆக மொத்தம் 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதே இடத்தில் பக்கத்து லேனில் ஒருவர் 100-ல் வருகிறார். அவருக்கு யோசிக்கும் நேரத்திலேயே 42 மீட்டர் போய்விடும். உங்கள் கார் நின்ற இடத்தை அவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் இருக்கும். 80-க்கும் 100-க்கும் வித்தியாசம் 20 என்று நினைக்கிறோம். நீங்கள் இடிக்காமல் நிற்கிற இடத்தில் அவர் 70-ல் இடிக்கிறார். காகிதம் எடுத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இடம். நம் நான்கு வழிச்சாலைகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான் என்பது என் அனுபவம்.

செங்கல்பட்டு தாண்டியதும் பார்ப்பீர்கள், லோடு லாரிகள் வலது லேனிலேயே போகும். புதியவர்களுக்குக் கோபம் வரும். லாரிக்காரர் பக்கத்தில் இருந்து யோசித்தால் காரணம் புரியும். இடது லேனில் டூவீலர், ஓரமாக நிறுத்திய வண்டி, பஸ் நிறுத்தம், ராங் சைடில் வரும் பைக், சில ஊர்ப் பக்கம் காயப்போட்ட சோளமோ உளுந்தோகூட இருக்கும். இருபது டன்னை ஏற்றிக்கொண்டு அதற்கெல்லாம் பிரேக் போட்டுப் போட்டு வேகம் எடுக்க முடியாது. அவர் வலதில் போவது தவறுதான், ஆனால் அவர் எதற்குப் பயந்து இடதை விட்டாரோ அதே இடதில்தான் நாம் அவரை முந்தப் பார்க்கிறோம்.

பல வருடங்களுக்கு முன், விடியற்காலை, உளுந்தூர்பேட்டை தாண்டி எனக்கு நடந்தது இது. வலது லேனில் ஒரு லாரி 50-ல் போய்க்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்தேன், விலகவில்லை. பொறுமை இல்லாமல் அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, இடது பக்கம் எடுத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். லாரியின் பாதி நீளம் வந்தபோது எதிரே இடது லேனில் இன்னொரு லாரி நிற்கிறது. விளக்கு இல்லை, பின்னால் ரிஃப்ளெக்டரும் இல்லை, பழுதாகி நிற்கிறது என்பதற்கு அடையாளமாக இரண்டு கல்லும் ஒரு கொத்து வேப்பங்கிளையும் வைத்திருந்தார்கள். வலது பக்கம் லாரி, இடது பக்கம் பள்ளம். பிரேக்கை முழுக்க மிதித்ததில் வண்டி அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் என் மனைவி. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்த லாரி என்னிடமிருந்து ஒளிந்து நிற்கவில்லை. ஒட்டிக்கொண்டு வந்ததால் நான்தான் அதை மறைத்துக்கொண்டேன்.

அதனால் லாரியை முந்த வேண்டுமானால் முதலில் பின்வாங்குங்கள். விநோதமாகத் தோன்றும், ஆனால் தூரமாக இருந்தால்தான் லாரியின் இரண்டு பக்கமும் தெரியும். சின்னதாக ஹார்ன், ஒருமுறை லைட், அப்புறம் பொறுமை. முக்கால்வாசி லாரிக்காரர்கள் வசதியான இடம் வந்ததும் விலகி வழி விடுவார்கள். விலகவே இல்லை, இடது பக்கம்தான் வழி என்றால், முன்னூறு மீட்டருக்காவது இடது லேன் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு போங்கள். ஊர், பஸ் நிறுத்தம், சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடம், பாலம் எதுவும் அந்தத் தூரத்துக்குள் இருக்கக் கூடாது. முந்தத் தொடங்கினால் லாரிக்குப் பக்கத்தில் இணையாக ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், சட்டென்று கடந்துவிடுங்கள். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

இண்டிகேட்டரை நம்பி முந்தாதீர்கள். லாரியின் இடது இண்டிகேட்டருக்கு "நீ போகலாம்" என்றும் அர்த்தம் உண்டு, "ஓரம் கட்டப் போகிறேன்" என்றும் அர்த்தம் உண்டு. வலது இண்டிகேட்டருக்கு "திரும்பப் போகிறேன்" என்றும், "இப்போது முந்தாதே" என்றும் அர்த்தம். எதிரே வருகிறவர் லைட்டை அடித்தால் நம் ஊரில் அது "நான் வருகிறேன், நீ நில்" என்பதுதான், வழி விடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், சந்திப்பில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்புவதாக நினைத்து உள்ளே வருவார்.

மறைவு என்பது லாரி மட்டுமில்லை. நிற்கிற பஸ் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் குறுக்கே வந்துகொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு அடியில் பாருங்கள், கால்கள் தெரியும். சென்டர் மீடியனில் அரளிச் செடி வைத்திருப்பது எதிர் விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்க உதவுகிறது. ஆனால் இடைவெளி விட்ட இடங்களில் அந்தச் செடிக்குப் பின்னால் பைக்கோடு ஒருவர் நிற்பது கடைசி நொடி வரை தெரியாது. மீடியனில் திறப்பு வருகிறது என்று தெரிந்தால் காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்து பிரேக் மேல் மிதிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்கும் அந்த ஒன்றரை விநாடியில் பாதி மிச்சமாகும்.

எல்லோருடைய அடுத்த அசைவையும் கொஞ்சம் முன்னாலேயே படிக்க முடியும். சந்திப்பில் நிற்கும் கார் புறப்படுமா என்று ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். அது ஒரு விரல் அளவு உருண்டாலும் அவர் வரப் போகிறார். டூவீலரில் போகிறவர் லேசாக வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் இண்டிகேட்டர் போடாமலே திரும்புவார். அவருக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தை அவருக்கு முன்பே நீங்கள் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் அதைத் தவிர்க்க உங்கள் பக்கம்தான் வளைவார். ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள். ஷேர் ஆட்டோவைப் பொறுத்தவரை, ஓரத்தில் யாராவது கையை நீட்டினால் ஆட்டோ அங்கேயே நிற்கும். ஆடு ஒன்று கடந்தால் மிச்சமெல்லாம் பின்னால் வரும். நாய் பாதி தூரம் போய்த் திரும்பி ஓடி வரும். கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் மயில் அதிகம், எழுந்து பறக்க நேரம் எடுக்கும், கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும். எதற்காகவும் வேகத்தில் ஸ்டியரிங்கை வெட்டி வளைக்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள்.

பிரேக் என்றதும் சொல்ல வேண்டியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஏபிஎஸ், அதாவது முழு பிரேக்கிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, கட்டாயம் இருக்கும். முழு பலத்தோடு மிதிக்கும்போது காலுக்கு அடியில் பெடல் கடகடவென்று அதிரும், ஒரு சத்தமும் வரும். முதல்முறை அதை உணர்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எடுக்கக் கூடாது. அந்த அதிர்வுதான் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வண்டி நிற்கும்வரை மிதித்தபடியே இருந்து, தேவையானால் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பி விலகலாம், அதற்காகத்தான் ஏபிஎஸ் வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை, ஆள் இல்லாத மைதானத்தில், யாரையும் ஏற்றாமல், 40-ல் வந்து முழு பிரேக் மிதித்து நாலைந்து தடவை பழகுங்கள். இதை ஒருமுறைகூடச் செய்யாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீபாவளி என்றால் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். தூறல் தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மோசம், தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் நனைந்து வழுக்கும். பெருமழையில் தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதந்தால் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை விட்டு, நேராகப் பிடித்திருந்தால் இரண்டு விநாடியில் டயர் சாலையைப் பிடித்துவிடும். முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே போனால் தண்ணீர் குறைவு. உள்ளே கண்ணாடி மங்கினால் ஏசியைப் போட்டு முன் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் போடாதீர்கள், ஹெட்லைட் போதும். சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள்.

இரவைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். லோ பீமில் தெளிவாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். 80-ல் நிற்க எழுபது மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் இருட்டில் 80-ல் போகிறவர் பார்த்த பிறகு நிற்க முடியாத வேகத்தில் போகிறார். விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், நடந்து போகிறவர், கறுப்பு மாடு எல்லாம் அந்தப் பத்து மீட்டருக்குள்தான் இருக்கும். எதிரே ஹை பீமில் வந்தால் பதிலுக்கு ஹை பீம் போட்டு என்ன பயன், இரண்டு பேரும் குருடராகத்தான் போவோம். வேகத்தைக் குறைத்து, கண்ணை இடது ஓர வெள்ளைக் கோட்டில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போக விடுங்கள்.

தூக்கம்தான் இரவின் இன்னொரு பாதி. பின்னிரவு இரண்டு மணியில் இருந்து ஐந்து வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு வரை மறுபடியும் கொஞ்சம் கேட்கும். கடைசியாக வந்த ஊர்ப் பலகை நினைவில் இல்லை, வெள்ளைக் கோட்டை மிதித்துவிட்டுச் சுதாரிக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்கள். பாட்டும் ஜன்னல் காற்றும் இதற்கு உதவாது. வெளிச்சமான பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடுவீர்கள்.

வண்டிக்குள் இருப்பவர்கள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பின்சீட்டில் இருக்கிற அம்மாவும் பெல்ட் போட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள், முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தான் அடிபடுவதோடு, முன்னால் இருக்கிறவர் மேலும் போய் விழுவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரவே கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதல் என்றால் பத்து கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் இழுக்கும், எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. ஏர்பேக் விரிவது குழந்தையின் முகத்தில். குழந்தை இருக்கையைப் பின்சீட்டில் பொருத்துங்கள். அம்மா "மூச்சு முட்டுது" என்று சொன்னால் இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறியிருக்கும், இடுப்பு எலும்புக்கு இறக்கி விடுங்கள், சரியாகிவிடும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் முடிந்தவரை சாலையை விட்டு முழுசாக இறக்குங்கள். எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, டிக்கியைத் திறந்து எதையாவது தேடும்போது அடிபட்டவர்கள் எத்தனையோ பேர். முக்கோணப் பலகையை நூறு காலடி நடக்கும் தூரத்துக்காவது பின்னால் கொண்டுபோய் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. வேறு யாராவது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். உதவுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணமும் கேட்க மாட்டார்கள்.

புறப்படும் முன் டயர். காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் முழு லோடுக்கு எழுதியிருக்கும் அளவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், டயரின் வரிப்பள்ளம் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தின இரவு கிளம்பாதீர்கள். பரனூர் டோல்கேட்டிலேயே பொறுமையெல்லாம் போய்விடும், அப்புறம் எல்லோரும் அந்த நேரத்தை ஈடுகட்டப் பறப்பார்கள். இரண்டு நாள் முன்னதாக, நன்றாகத் தூங்கி எழுந்து, காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடங்கள். 80-ஐத் தாண்டாமல் போனாலும் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரத்தில், இருட்டுவதற்குள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வந்துவிடலாம். ஏதாவது காரணத்தால் மதுரைக்கே மாலையாகிவிட்டால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். மறுநாள் விடிந்து கிளம்பினால் ஊர் இரண்டரை மணி நேரம்தான்.